பேகன்னா மயிலுக்குப் போர்வை கொடுத்தவரா?

"பேகன்" என்ற பேரைக் கேட்டதும் உங்களுக்கு முதல்ல யார் ஞாபகம் வர்றாங்க? எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த அரசன்தான். கடையேழு வள்ளல்களில் ஒருவர், பழனி மலைப் பக்கம் ஆண்டவர். எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்குத் தமிழ்ப் பாடத்தில் மிச்சம் இருக்கிற சில விஷயங்களில் அது ஒண்ணு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்க ஊர்ப் பக்கத்து ரோடு, ஏரி, கோயில் எல்லாம் குறிக்கிறது என் பொழுதுபோக்கு (சிவில் டிபார்ட்மென்ட், வேற என்ன பண்றது). போன செமஸ்டர்ல ராசிபுரம் பக்கம் எங்க குலதெய்வ இடத்தைக் குறிச்சேன். "வழிபாட்டு இடம்" என்று போட்டதும் "மதம்" என்று ஒரு கட்டம், "தெய்வம்" என்று இன்னொரு கட்டம். அதே மேப்பில் வேலை செய்கிற இங்கிலாந்துக்காரர் ஒருவர் மெசேஜ் பண்ணினார். "இது வயலுக்கு நடுவுல ஒரு மரம் மாதிரி தெரியுதே? நான் பேகன். எங்களுக்கும் மரம் முக்கியம். உங்க தெய்வத்தோட கதை என்ன?"

முதலில் மயிலைத் தேடினேன். அப்புறம் கூகுளைத் தேடினேன். அதுக்கு அப்புறம்தான் அவரோட கேள்வி உறைச்சது. டைப் பண்ணினேன், அழிச்சேன். எங்க குலதெய்வத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அதோட பேர் மட்டும்தான். அதுவும் பெரியப்பா லாரி முகப்பில் "துணை" என்று பெயிண்ட் அடிச்சிருக்கிறதால.

அவருக்குப் பதில் சொல்றதுக்காக ரெண்டு பக்கமும் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

1. பேர் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் "பாகானுஸ்" என்றால் கிராமத்து ஆள். நம்ம பாஷையில் பட்டிக்காட்டான். கி.பி. 4-ம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர் அல்லாத எல்லாரையும் குறிக்கிற சொல்லா அது மாறிப்போச்சு. 380-ல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரச மதம் ஆக்கினார். 391, 392-ல் பழைய கோயில்களில் பலி கொடுக்கவும் வழிபடவும் தடை வந்தது.

கவனிக்க வேண்டியது என்னன்னா, அன்னைக்கு யாரும் "நான் பேகன்" என்று சொல்லிக்கிட்டது கிடையாது. கிரேக்கர் ஒரு சாமி கும்பிட்டார், ஜெர்மானியர் வேற சாமி கும்பிட்டார். எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேர் வைத்தது வெளியே இருந்தவங்க.

இது நமக்குப் புதுசு இல்லை. நம்ம முனியப்பனையும் கருப்பணாரையும் "சிறுதெய்வம்" என்று சொல்றோமே, முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிற எந்தக் கிழவியாவது "நான் சிறுதெய்வ வழிபாடு செய்யறேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? யார் சிறுசு, யார் பெருசு என்று அளந்தது வேற யாரோ. அதனாலதான் இப்போ ஆய்வாளர்கள் பலர் "நாட்டார் தெய்வம்" என்ற சொல்லைப் பயன்படுத்தறாங்க.

2. பழைய பேர், புது மதம்

இப்போ "நவீன பேகன்" என்று சொல்லிக்கிறவங்க அந்தத் திட்டுச் சொல்லைத் தாங்களே விரும்பி எடுத்துக்கிட்டவங்க. இதில் ரொம்பப் பிரபலமான கிளை விக்கா. அதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964). ஆங்கிலேயர். சின்ன வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அப்புறம் மலாயாவில் சுங்க அதிகாரியா இருந்தார். ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்து திரும்பினார். 1939-ல் ஒரு ரகசியச் சூனியக்காரிகள் குழு தன்னைச் சேர்த்துக்கிட்டதாகவும், அது கிறிஸ்தவத்துக்கு முந்தின மதத்தோட தொடர்ச்சி என்றும் சொன்னார். சூனியம் பற்றிய 1735-ம் ஆண்டுச் சட்டத்தை 1951-ல் இங்கிலாந்து நீக்கியது. 1954-ல் அவர் புத்தகம் வந்தது.

அது உண்மையிலேயே தொடர்ச்சிதானா? இல்லை என்பதுதான் இன்னைக்கு வரலாற்று ஆய்வாளர்கள் கருத்து. ரொனால்ட் ஹட்டன் என்ற பேராசிரியர் 1999-ல் எழுதிய புத்தகத்தில், விக்கா என்பது 20-ம் நூற்றாண்டில் பல துண்டுகளைச் சேர்த்து உருவான மதம் என்று விளக்கமா காட்டினார். எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அதைப் படிச்ச பிறகும் பேகன்கள் பலர் விட்டுட்டுப் போகலை. "சரி, புதுசுதான். ஆனா எங்களுக்கு இது வேலை செய்யுது" என்று ஏத்துக்கிட்டாங்க. தன் மதத்துக்கு வயசு கம்மி என்று ஒத்துக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும். நம்ம ஊரில் எந்தக் கோயில் போர்டைப் பார்த்தாலும் "ஆயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்த" என்றுதான் ஆரம்பிக்கும்.

3. ஒரு குடை, பல பேர்

விக்கா: ஒரு பெண் தெய்வம், ஒரு ஆண் தெய்வம். நிலாவை ஒட்டிய சடங்குகள். பெண் பூசாரிகளுக்குப் பெரிய இடம். யாருக்கும் தீங்கு செய்யாத வரை உன் விருப்பப்படி நட என்பது அவங்க முக்கிய நெறி.

ட்ரூயிட்: பழைய கெல்ட்டிய மக்களின் பூசாரிகள் பேரைக் கொண்ட வழி. மரம், கவிதை, இயற்கை. இங்கிலாந்தில் 2010-ல் ஒரு ட்ரூயிட் அமைப்பை மத அடிப்படையிலான அறக்கட்டளையா அதிகாரபூர்வமா பதிவு பண்ணினாங்க.

ஹீத்தன், அல்லது ஆசாத்ரு: மார்வெல் படத்தில் பார்த்த தோர், ஓடின் எல்லாம் இவங்களுக்கு நிஜமான சாமி. ஐஸ்லாந்தில் 1972-ல் சங்கம் ஆரம்பிச்சாங்க, 1973-ல் அரசு அங்கீகரித்தது. ஆடு, குதிரை எதையும் பலி கொடுக்கிறது இல்லை. கொம்புக் குவளையில் பானம் ஊற்றி, தெய்வத்தையும் முன்னோரையும் சொல்லி, எல்லாரும் பகிர்ந்து குடிச்சு, சேர்ந்து சாப்பிடறாங்க.

ரோமுவா: லித்துவேனியா நாட்டுக்காரங்க. அந்த நாடு 1387-ல்தான் கிறிஸ்தவத்துக்கு மாறுச்சு, ஐரோப்பாவிலேயே ரொம்பத் தாமதம். சோவியத் ஆட்சியில், 1967-ல், கெர்னாவே என்ற ஊரில் கோடைச் சூரியத் திருவிழாவை மறுபடி கொண்டாட ஆரம்பிச்சாங்க. அரசு அங்கீகாரம் கிடைக்கலை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2021-ல் ஜெயிச்சாங்க. இவங்க வேதம் என்னன்னு கேட்டா, கிராமத்துப் பாட்டிகள்கிட்ட சேகரித்த நாட்டுப்பாடல்கள். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வருது.

இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு தலைவர் கிடையாது, ஒரே புத்தகம் கிடையாது. சிலர் பல தெய்வங்களை நம்பறாங்க. சிலருக்கு இயற்கையேதான் தெய்வம். தெய்வமே இல்லை, சடங்கு மட்டும் போதும் என்கிறவங்களும் உண்டு. என்ன நம்பறே என்பதை விட என்ன செய்யறே என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். சாத்தானுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை. சாத்தான் கிறிஸ்தவக் கதையில் வருகிற ஆள்.

இருட்டுப் பக்கமும் இருக்கு. வடக்கு ஐரோப்பியச் சாமிகளை "வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்" என்று சொல்கிற இனவெறிக் குழுக்கள் உண்டு. மத்த ஹீத்தன்கள் அவங்களை வெளிப்படையா எதிர்க்கிறாங்க.

எத்தனை பேர் இருக்காங்க? இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "பேகன்" என்று எழுதியவங்க 2011-ல் சுமார் 57,000. 2021-ல் சுமார் 74,000.

4. வருஷச் சக்கரம்

பேகன்கள் பலருக்கு வருஷத்தில் 8 திருவிழா. நாலு சூரியனை வைத்து: பகல் அதிகமான நாள், இரவு அதிகமான நாள், ரெண்டும் சமமான ரெண்டு நாள். மீதி நாலு இவற்றுக்கு நடுவுல. எட்டும் ஒரே சக்கரமா சேர்ந்தது 1950-கள்ல தான்.

ஆஸ்திரேலியாவில் இருக்கிற பேகன்கள் என்ன செய்வாங்க? அங்கே டிசம்பரில் கோடை. அதனால பலர் சக்கரத்தை அப்படியே ஆறு மாசம் திருப்பி வச்சுக்கிறாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. காலண்டரை விட மண் முக்கியம். மே 1-ம் தேதி பெல்டேன், பூ பூக்கிற வசந்தத் திருவிழா. அதை நாமக்கல்லில் கோடை வெயிலில் கொண்டாடினா பூசாரியே மயங்கி விழுவார். நம்ம மண்ணுக்கு நம்ம சக்கரம்: ஆடிப் பதினெட்டுக்குக் காவிரி, தைக்குப் பொங்கல், அறுவடை முடிஞ்சு மாரியம்மன்.

பொங்கலும் ஒரு வகையில் சூரியத் திருவிழாதான். ஆனா சூரியன் உண்மையில் வடக்கே திரும்பறது டிசம்பர் 21, 22-ல். நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போடுது. பூமியோட அச்சு பம்பரம் மாதிரி மெதுவா சுத்துது, சுமார் 72 வருஷத்துக்கு 1 டிகிரி. அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து இன்னைக்கு 24 நாள் ஆயிருக்கு.

இன்னொரு ஒற்றுமை. பெல்டேனுக்கு ஒரு கம்பம் நட்டு, ரிப்பனைப் பிடிச்சுக்கிட்டு அதைச் சுத்தி ஆடுவாங்க. சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் திருவிழாவில் மூணு கிளை உள்ள மரத்தைக் கம்பமா நட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தி, சுத்தி ஆடறதை நீங்க பார்த்திருப்பீங்க. நமக்கு அந்தக் கம்பம்தான் அம்மனோட புருஷன். திருவிழா முடிஞ்சா பிடுங்கித் தண்ணியில் விட்டுடுவாங்க. ராசிபுரத்தில் மட்டும் கம்பம் வருஷம் முழுக்க அம்மன் முன்னாடி நிக்கும். அதனாலதான் அவள் நித்திய சுமங்கலி. ரெண்டு கம்பத்துக்கும் உறவு இருக்கு என்று நான் சொல்ல வரலை. மனுஷங்க மரத்தைச் சுத்தி ஆட விரும்பறாங்க, அவ்வளவுதான்.

5. அப்போ நாம பேகனா?

இல்லைன்னுதான் சொல்வேன். அந்தப் பேரை இன்னொரு தடவை வெளியே இருந்து வாங்கி ஒட்டிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதோட ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு. அவங்களுக்குக் கயிறு அறுந்து போச்சு, புத்தகத்தையும் பாட்டையும் வைத்து முடிச்சுப் போடறாங்க. நமக்குக் கயிறு இன்னும் அறுகலை. அதே நேரம், அது எங்கிருந்து வருதுன்னு நாம திரும்பிப் பார்க்கிறதும் இல்லை.

திரும்பிப் பார்த்தா என்ன ஆகும் என்பதற்குச் சேலத்திலேயே ஒரு கதை இருக்கு. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். தலை வேற, உடம்பு வேறயா இருந்த சிலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தது. அதான் அந்தப் பேர். அது புத்தர் சிலை என்று 2011-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு. தொல்லியல் துறை ஆய்வு செய்து பார்த்தது: தாமரை ஆசனம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது. புத்தர்தான் என்று அறிக்கை. 2022 ஜூலையில் நீதிமன்றம், இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கணும், புத்தர் சிலை என்று போர்டு வைக்கணும், பூசை கூடாது என்று உத்தரவு போட்டது.

நான் ரெண்டு பக்கமும் யோசிச்சேன். ஒரு காலத்தில் இங்கே இருந்த பௌத்தத்தோட ஞாபகம் அந்தக் கல்லில் இருந்திருக்கு, யாருக்கும் தெரியாமல். அதைத் திருப்பிக் கொடுத்தது நியாயம். அதே கல்லுக்கு முன்னாடி "முனியப்பா, புள்ளைக்குக் காய்ச்சல் குறையணும்" என்று வேண்டிக்கிட்டவங்களோட நம்பிக்கையும் பொய் இல்லை. ஒரே கல், ரெண்டு ஞாபகம். கேட்காமல் விட்டா ஒண்ணு அழிஞ்சு போகுது என்பது மட்டும் எனக்குப் புரிஞ்சது.

6. எங்க மூணு கல்

இந்த ஆடியில் அப்பாயியைக் கூட்டிக்கிட்டு எங்க குலதெய்வ இடத்துக்குப் போனேன். (சாமி பேரை இங்க எழுதலை. தப்பா எழுதிட்டேன்னு பங்காளிங்க சண்டைக்கு வருவாங்க.) சோளக்காட்டுக்கு நடுவுல ஒரு வேப்பமரம், அடியில் மூணு கல், மஞ்சள், குங்குமம். அவ்வளவுதான் கோயில்.

மரத்தடியில் உட்கார்ந்து "கதை சொல்லு அப்பாயி" என்றேன். "இத்தனை வருஷம் கேக்காதவன் இப்ப எதுக்குடா கேக்கற?" என்றாள். அப்புறம் சொன்னாள். பஞ்சத்தில் பிழைக்க வந்தப்போ பழைய கோயிலில் இருந்து ஒரு பிடிமண்ணை முந்தானையில் முடிஞ்சு எடுத்துட்டு வந்தது ஒரு மருமகளாம். சாமி நடந்து வரலை, ஒரு பொம்பள தூக்கிட்டு வந்தாள். 22 நிமிஷம் போனில் ரெக்கார்ட் பண்ணினேன்.

"பாட்டு?" என்று கேட்டேன். உடுக்கை அடிச்சு சாமியை அழைக்கிற பாட்டு. அது பழைய பூசாரிக்குத்தான் முழுசா தெரியும். அவர் இறந்து மூணு வருஷம். மகன் திருப்பூர் மில்லில் வேலை, பாதிதான் தெரியும் என்கிறார். லித்துவேனியாக்காரங்க ஒரு மதத்தையே பாட்டிகள்கிட்ட கேட்டு வாங்கின பாட்டில் இருந்து எழுப்பினாங்க. எங்க பாட்டில் பாதி மூணு வருஷத்துக்கு முன்னாடி சாம்பலாச்சு. அப்போ நான் அதே ஊரில், அரியர் பேப்பருக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

இதுக்கு எந்தத் தடையும் காரணம் இல்லை. தடை வந்தப்போ நம்ம ஆளுங்க சும்மா இருக்கலை. கோயில்களில் ஆடு, கோழி பலி கொடுக்கக் கூடாது என்ற 1950-ம் ஆண்டுச் சட்டத்தை 2003-ல் தமிழக அரசு கண்டிப்பா அமல்படுத்தச் சொன்னப்போ, கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பி, 2004-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. சட்டத்தால் முடியாததை நம்ம மறதி சத்தமில்லாமல் செய்யுது.

எல்லாம் பழைய மாதிரியே இருக்கணும் என்று நான் சொல்லலை. எங்க இடத்துக்குப் பொங்கல் அன்னைக்குப் பறை அடிக்க வர்றவங்க கல்லுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பதும் பழைய வழக்கம்தான். அதை அப்பாயி கதை மாதிரி ரெக்கார்ட் பண்ணிப் பாதுகாக்க வேண்டியதில்லை, நிறுத்தணும். எதை வைக்கிறது, எதை விடறது என்று முடிவு பண்ணவும் முதல்ல தெரிஞ்சிருக்கணுமே.

இப்போ பங்காளிங்க வாட்ஸ்ஆப் குரூப்பில் கான்கிரீட் கோயில் கட்டணும் என்று பேச்சு. நான் சிவில் படிக்கிறதால பிளான் போடற வேலை என் தலையில். கருவறை வர்ற இடத்தில் வேப்பமரம் நிக்குது. வேர் சுவரைப் பிளந்துடும், வெட்டிடலாம் என்கிறார் பெரியப்பா. அப்பாயி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "மரத்தை வெட்டிட்டு யாருக்குடா கோயில்?"

நான் ரெண்டு பிளான் வரைஞ்சிருக்கேன். ஒண்ணு பெரியப்பா கேட்டது. இன்னொண்ணில் கூரை இல்லை. மரத்தைச் சுத்தி வேருக்கு இடம் விட்டு ஒரு கல் மேடை, மழைத்தண்ணி வடிய வழி, யார் வேணும்னாலும் ஏறி வர நாலு பக்கமும் படி. தை பொறந்ததும் கூட்டம் போடறாங்க. என்ன முடிவாகும் என்று தெரியலை. ரெண்டாவது பிளானைத்தான் முதல்ல காட்டப் போறேன்.

உங்களுக்கு ஒரு அசைன்மென்ட்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா வீட்டில் இருக்கிற மூத்தவங்ககிட்ட இந்த அஞ்சு கேள்வி கேளுங்க. எந்த மதமா இருந்தாலும் சரி, நம்பிக்கையே இல்லைன்னாலும் சரி. போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டுக் கேளுங்க.

1. நம்ம சாமி, அல்லது நம்ம குடும்பம், இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது?
2. அந்தக் கதையில் இருக்கிற பெண் யார்? (கண்டிப்பா ஒருத்தி இருப்பாள்.)
3. என்ன படைப்பாங்க, ஏன் அது?
4. யார் உள்ளே வரக்கூடாது என்று வச்சிருந்தாங்க?
5. பாட்டு யாருக்குத் தெரியும்? அவங்க உயிரோட இருக்காங்களா?

அம்மா வழியையும் மறக்காமல் கேளுங்க. கல்யாணம் ஆனதும் அவங்க சாமியை விட்டுட்டு வந்தவங்க, அவங்ககிட்ட யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

மேப்பில் என்ன போட்டேன் என்று கேட்கறீங்களா? 2011 கணக்கெடுப்பில் ஜார்க்கண்ட் மாதிரி மாநிலங்களைச் சேர்ந்த பழங்குடியினர் சுமார் 49 லட்சம் பேர், தனிக் கட்டம் இல்லாததால் "மற்றவை"யில் போய் "சர்னா" என்று தங்கள் மதத்தின் பேரைத் தாங்களே எழுதினாங்க. அதைப் படிச்ச பிறகு எனக்கும் தெளிவாச்சு. "மதம்" கட்டத்தை இன்னும் காலியாத்தான் விட்டிருக்கேன். "தெய்வம்" கட்டத்தில் எங்க சாமி பேரைத் தமிழிலேயே போட்டேன். இங்கிலாந்துக்காரருக்கு அந்த 22 நிமிஷத்தை மொழிபெயர்த்து அனுப்பினேன்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பாட்டு இருக்கா?"

மீதிப் பாதிக்காக அடுத்த ஞாயிறு திருப்பூர் போறேன்.